நாலாவது டாப்பெட்

சென்னிமலைக் கவுண்டர் வீட்டில் சமையற்கட்டுக்கும் இஞ்சின் கொட்டகைக்கும் நடுவே இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். சரவணம்பட்டியில் சத்தி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, சோளக்காட்டோரமாக அந்த வீட்டைக் கட்டியபோது சுவருக்கு அந்தப் பக்கம் ரெண்டு எருமை கட்டலாம் என்று பழனாத்தாள் நினைத்திருந்தாள். எருமை வரவில்லை. பியட் இஞ்சினும் அம்பாசிடர் இஞ்சினும் வந்தன. மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகள், பந்தயத்துக்கும் மலை ராலிக்கும் கார் எடுத்துப் போகிறவர்கள், இஞ்சினைக் கழற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போவார்கள். கவுண்டர் அதைப் பிரித்துப் போட்டு, அறுத்துத் தேய்த்து, மறுபடி கோத்து, இரும்புத் தாங்கியில் ஏற்றி ஓடவிட்டுப் பார்ப்பார். சுவருக்கு இந்தப் பக்கம் அவள் சோறாக்குவாள். தாளிக்கிற கடுகு வெடிப்பதுகூடக் கேட்காது.

வருசக்கணக்கில் அப்படிக் கேட்டுக் கேட்டு அவளுக்கு இஞ்சின் பாஷை புரிந்து போயிருந்தது. வளையம் தேய்ந்த இஞ்சின் இருமும். பேரிங் போனது முனகும். டைமிங் செயின் தளர்ந்தது கொலுசு போட்ட கால் மாதிரி சலசலக்கும். அந்தச் சத்தம் போடுகிற பாகத்தை அவள் கண்ணால் பார்த்ததில்லை. சத்தம் சரியாகிவிட்டால் அவர் சாப்பிட வருவார் என்று தெரியும், அவ்வளவுதான். சத்தத்தை வைத்தே சோறு வடித்தாள்.

ஆனால் அவர் வந்து உட்கார்ந்தால் பேச்சு இருக்காது. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். ஊரில் அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்றார்கள். எதிரே வந்து கூப்பிட்டால் நின்று சிரிப்பார்; பின்னால் இருந்து கூப்பிட்டால் காதில் வாங்காமல் நடப்பார். கல்யாணம் காட்சிக்குப் போவதை நிறுத்தி வெகு நாளாயிற்று. மகள் கோகிலா கோபியில் வாழ்க்கைப்பட்டுப் போனபிறகு வீட்டில் குரல் என்று இருந்தது ரேடியோதான். அதையும் பழனாத்தாள் மட்டும் கேட்டாள்.

அவளுக்கு அவர்மேல் ஒரு ஆறாத கோபம் இருந்தது. அவளுடைய அப்பாரு அன்னூரில் இழுத்துக்கொண்டு கிடந்தபோது ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். அவள் ஓடிப்போய்க் கொட்டகை நிலைப்படியில் நின்றாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். "ஏனுங்க, எங்கப்பாருக்கு முடியலயாமுங்க, வண்டிய எடுங்க, போயிட்டு வந்தர்லாமுங்க" என்றாள். அவர் ராவுவதை நிறுத்தவில்லை. சித்த நேரம் நின்று பார்த்தாள். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது இழவுக்கு வருகிறவர்கள் உட்கார வாசலில் பெஞ்சு போட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் அவர் வந்தார், விருந்துக்கு ஒறம்பரை வருகிற மாதிரி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. அவள் ஏன் என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து சோறு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். பகல் பொழுதுக்குத் திருப்பூர்க் கம்பெனியிலிருந்து பனியன் மூட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு பிசிறு வெட்டினாள். மனசில் உள்ளதையெல்லாம் அந்தப் பனியன்களிடம் சொன்னாள்.

தொண்ணூற்றிரண்டாம் வருசம் ஆனி மாதம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து புறப்பட்ட காற்று ஊரைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. வெட்டிய நூல் பிசிறெல்லாம் வாசலைத் தாண்டிப் பறந்து சோளத்தட்டில் ஒட்டிக்கொண்டன. அந்தக் காற்றோடு சென்னகிருஷ்ணன் வந்து இறங்கினான். பீளமேட்டில் தண்ணி மோட்டார் செய்கிற குடும்பம். ஆடிக் கடைசியில் வால்பாறை மலைப்பாதையில் நடக்கிற ராலிக்கு அவனுடைய பியட்டைத் தயார் செய்யக் கொடுத்திருந்தான். இஞ்சின் எல்லாம் கோத்து முடிந்திருந்தது. வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு, கேம்ஷாப்ட், மட்டும்தான் பாக்கி.

வாசலில் கட்டில் போட்டு கவுண்டரும் நசுருதீன் பாயும் உட்கார்ந்திருந்தார்கள். பாய்க்கு உக்கடத்தில் கிரைண்டிங் பட்டறை. கம்பெனிக் கேம்ஷாப்டை வாங்கி, வால்வைத் தள்ளுகிற அதன் மேடுகளை, முட்டுகளை, வேறு வடிவத்துக்குத் தேய்த்துக் கொடுப்பதில் கோயமுத்தூரில் அவருக்கு மிஞ்சிய ஆள் இல்லை. இந்தப் பியட்டுக்கென்று தேய்த்த கேம் ஒன்றைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பழனாத்தாள் காபி கொண்டுவந்தாள்.

சென்னகிருஷ்ணன் எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்தான். "அண்ணா, இதப் பாருங்க. பம்பாயில ஒருத்தருகிட்டச் சொல்லி வெச்சு வாங்கியாந்தனுங்க. வெளிநாட்டுச் சரக்கு. பந்தயக் கேமுங்க."

கவுண்டர் வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தார். நீளத் தண்டில் எட்டு முட்டுகள். பாயுடையதைவிட இவை உயரமாகவும் தடிமனாகவும் இருப்பது பழனாத்தாளுக்கே தெரிந்தது.

"தம்பி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கப்படாது," என்றார் நசுருதீன். "இது நேர் ரோட்டுக்கு ஆனதுங்க. முட்டு பெருசா இருந்தா வால்வு ரொம்ப நேரம் தொறந்து கெடக்கும். வேகமா சுத்தறப்ப இஞ்சினுக்கு மூச்சு தாராளமாக் கெடைக்கும், பறக்கும். ஆனா மெதுவாப் போறப்ப வாங்கின மூச்சு உள்ள நிக்காதுங்க. கொண்டை ஊசி வளைவுல தவழ்ந்து திருப்பறீங்க, இஞ்சின் முக்கிட்டு நிக்கும். நீங்க மிதிப்பீங்க. மிதிக்க மிதிக்கச் சும்மா இருந்துட்டு ஒரேடியா எகிறும். எகிறறப்ப நீங்க வளைவுல இருப்பீங்க. பக்கத்துல பள்ளம்."

"உங்க கேம் சத்தமே போடாதுங்களே பாய். ஊட்டு வண்டி மாதிரி இருக்குமே."

"சத்தம் எதுக்குங்க தம்பி? ஏறோணும், எறங்கோணும். எந்த வளைவுல மிதிச்சாலும் மிதிச்ச அளவுக்கு இழுக்கோணும்."

"கூட்டத்துல வண்டியக் கொண்டுபோய் நிறுத்தறப்ப நாலு பேரு திரும்பிப் பாக்கோணுமில்லீங்க." சென்னகிருஷ்ணன் சிரித்தான். சிரித்தபடியே காற்றில் ஆடுகிற வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு, "இந்தக் கேமுக்கு வால்வு ஸ்பிரிங்கு மாத்தோணுமுங்களாண்ணா?" என்று கேட்டான்.

"திங்கக்கெழமைக்கு முடிஞ்சுருமுங்க தம்பி," என்றார் கவுண்டர்.

"அண்ணன் நெனப்பு எங்கியோ இருக்குது," என்று சொல்லிச் சென்னகிருஷ்ணன் மறுபடி சிரித்தான். கவுண்டரும் சிரித்துவைத்தார். பாய் காபித் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டையும் போட்டு ஓட்டிப் பாக்கறனுங்க," என்றார் கவுண்டர் கடைசியில். "எது செரின்னு இஞ்சினே சொல்லட்டும்."

புறப்படும்போது பாய் பழனாத்தாளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "கவுண்டர் முந்தியெல்லாம் இப்பிடி யோசிக்க மாட்டாருங்க தங்கச்சி. மலைன்னா மலைக்கானதுதான்னு எம்பேச்சுக்கு முன்னாடி அவரே சொல்லிப்போடுவாரு."

பாயின் கேமைத்தான் முதலில் போட்டார். சாயங்காலம் இஞ்சின் கிளம்பியது. பழனாத்தாள் உலையில் அரிசியும் பருப்பும் போட்டுவிட்டுக் காதைக் கொடுத்தாள். நல்ல சத்தம். நாலு சிலிண்டரும் ஒன்றையொன்று விட்டுக்கொடுத்துப் பேசுகிற மாதிரி. வேகத்தை ஏற்றினால் நோகாமல் ஏறியது; இறக்கினால் தடுக்காமல் இறங்கியது. சாப்பாட்டுக்கு வந்துவிடுவார் என்று தட்டை எடுத்து வைத்தாள். வரவில்லை. எட்டிப் பார்த்தாள். அவர் இஞ்சின் மூடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். வரவேண்டிய பஸ் வராமல் நிற்கிற ஆள் மாதிரி முகம். முன்பெல்லாம் நீளத் திருப்புளி ஒன்றின் முனையை இஞ்சினிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்பார். அந்தத் திருப்புளி சுவரில் ஆணியில் தொங்கிக் கொண்டிருந்தது; அதன்மேல் ஒட்டடை.

"இதுல உசுரே இல்ல," என்றார், யாருக்கோ சொல்கிற மாதிரி. இஞ்சினை அணைத்தார்.

பிரித்து, பம்பாய்க் கேமைப் போட்டு, மறுபடி கோக்கச் சில நாள் பிடித்தது. ஒரு மத்தியானம், பழனாத்தாள் பனியன் மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது கிளம்பியது அந்த இஞ்சின். சமையற்கட்டுப் பலகையில் எவர்சில்வர் பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஒரு சீராக ஓடவில்லை. கட்டுக்கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கிற குதிரை மாதிரி தடதடத்தது. பிறகு அவர் ஏற்றினார். அப்படி ஒரு அலறல். கொட்டகைத் தகரமெல்லாம் கூடச் சேர்ந்து கத்தியது.

அவள் கத்தரியைக் கையில் பிடித்தபடியே எழுந்துபோய்க் கொட்டகை நிலைப்படியில் நின்றாள். கவுண்டர் ரெண்டு உள்ளங்கையையும் இஞ்சின்மேல் வைத்து, கண்ணை மூடி, சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை அவள் கோகிலா பிறந்த அன்று பார்த்தது. ஒரு இரும்புச் சாமானுக்கு அந்தச் சிரிப்பா என்று அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அப்போதுதான் அந்தத் தடதடப்புக்கு அடியில் இன்னொரு சத்தம் அவள் காதில் விழுந்தது. மெலிசு. நகத்தால் தம்ளர் விளிம்பைச் சுண்டுகிற மாதிரி. டிக். டிக். டிக். இஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது மெதுவாக, வேகமாகச் சுற்றும்போது வேகமாக. டாப்பெட் சத்தம்தான். வால்வைத் தள்ளுகிற அந்த ஜாமானில் ஏதோ ஒன்று ஒட்டாமல் தட்டுகிறது. இந்தச் சத்தம் வந்தால் அவர் உடனே அணைத்துவிட்டுத் தகட்டையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு குனிந்துவிடுவார். எத்தனையோ தடவை அவள் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறாள். இப்போதும் அணைப்பார் என்று நின்றாள். அவர் அணைக்கவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை. டிக் டிக் என்று அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது, அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக இஞ்சினை நிறுத்தி, முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்பேனர்களைத் துடைக்க ஆரம்பித்தார். கொட்டகை அமைதியாகிவிட்டது. வெளியே காற்று மட்டும்தான்.

"ஏனுங்க," என்றாள். "டாப்பெட்டு தட்டுதுங்களே."

அவர் துடைத்துக்கொண்டிருந்தார்.

பழைய கோபம் கிளம்பியது. திரும்பிப் போய்விடலாம் என்று காலை எடுத்தவள் என்னமோ தோன்றி நின்றாள். இன்னும் ரெண்டு எட்டு கிட்டப் போனாள். "ஏனுங்க," என்றாள் கொஞ்சம் உரக்க. அவர் ஒரு ஸ்பேனரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு இடத்தில் மாட்டினார். சாதாரணமாக, உப்புப் பத்தவில்லை என்று சொல்கிற குரலில் சொன்னாள்:

"ஊட்டுல தீப்புடிச்சுப் போச்சுங்க."

அவர் அடுத்த ஸ்பேனரை எடுத்துத் துடைத்தார்.

பழனாத்தாள் சத்தம் போடாமல் திரும்பி வந்தாள். சத்தம் போட்டிருந்தாலும் ஒன்றுமில்லை என்று பாதி வழியில் நினைத்துக்கொண்டாள். மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பனியனை எடுத்து மடியில் போட்டாள். வெட்டவில்லை. எதிரே வந்து பேசினால் ஏன் வாயையே பார்க்கிறார் என்பது இப்போது தெரிந்தது. ஏன் கல்யாணத்துக்குப் போவதில்லை, ஏன் பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு அவன் மழலைக்கு ஒரு பதிலும் சொல்லாமல் சும்மா சிரிக்கிறார், ஏன் ரேடியோ பக்கம் வருவதில்லை, எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பாயின் கேமில் ஏன் உசுரில்லை என்பதும் தெரிந்தது. அந்த இஞ்சின் அவ்வளவு நயமாக ஓடியது, அவருக்கு ஓடுகிறதென்றே தெரியவில்லை. பம்பாய்க் கேம் குலுக்குகிறது, கைக்கு எட்டுகிறது. அவர் மலைக்கானதைத் தேர்ந்தெடுக்கவில்லை. தனக்குக் கேட்கிறதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

ராத்திரி அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அவருக்குச் சந்தவை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் எதிரே உட்கார்ந்து பல காலமாயிருந்தது.

"தம்பி எப்பங்க வாராரு?"

"நாளைக்கு. ஏன்?"

"எந்தக் கேமுங்க குடுக்கறீங்க?"

"பம்பாய்க் கேமுதான். நல்லா இருக்குது. நீ எதுக்குக் கேக்கற?"

"அதுல டாப்பெட்டு தட்டுதுங்க."

அவர் கை நின்றது. "எவன் சொன்னான்?"

"நாந்தாஞ் சொல்றனுங்க. நேத்து கேட்டனுங்க."

"கொட்டகைல நிக்கற எனக்குக் கேக்காதது சமையக்கட்டுல இருக்கற உனக்குக் கேட்டுதாக்கும்?"

"கேட்டுதுங்க." அவள் வாயை நன்றாகத் திறந்து மெதுவாகச் சொன்னாள். "உங்களுக்குத்தானுங்க கேக்கல."

அவர் முகம் சிவந்தது. தட்டைத் தள்ளினார். எழுந்துவிடுவார் என்று பார்த்தாள், எழவில்லை. "தலைல பாரம்," என்றார். "காத்து மாசத்துல அடைக்கும். எல்லாருக்கும் இருக்கறதுதான்."

"எத்தன காத்து மாசமுங்க?"

அவர் தள்ளின தட்டை மறுபடி கிட்ட இழுத்துக்கொண்டார்.

"எங்கப்பாரு செத்தப்ப," என்று ஆரம்பித்தாள். "கொட்டகை நெலப்படில நின்னு உங்களக் கூப்புட்டனுங்க. வண்டிய எடுங்கன்னு. நீங்க திரும்பவே இல்லீங்க."

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்துகொள்ள நேரமாயிற்று. "கூப்புட்டயா?"

"கூப்புட்டனுங்க."

"நான் பொழுதோட ஊட்டுக்குள்ள வாரேன், நீ இல்ல. அடுப்புப் பத்தல. எதுத்த ஊட்டுக்காரி சொல்லித்தான் நீ அன்னூரு போயிட்டயின்னே தெரியும். பெத்த அப்பன் சாகக் கெடக்கறான், கட்டுனவங்கிட்ட ஒரு வார்த்த சொல்லோணும்னு இவளுக்குத் தோணலயேன்னு நெனச்சேன்." நிறுத்தினார். "இன்னைக்கு வரைக்கும் அப்பிடித்தான் நெனச்சுட்டு இருந்தேன், புள்ள."

சந்தவை ஆறிக்கொண்டிருந்தது. இவ்வளவு காலமும் அவள் அவர்மேல் வைத்திருந்ததற்குச் சரிக்குச் சரியாக அவரும் ஒன்று வைத்திருந்தார் என்பது அவளுக்கு ஆறுதலாக இல்லை. யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் போனதுதான் மிச்சம்.

அவர் எழுந்து கொட்டகைக்குப் போனார். இஞ்சின் மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவளும் போய் நின்றாள். டயல் கேஜை மாட்டி இஞ்சினைக் கையால் சுற்றி ஒவ்வொரு முட்டும் எவ்வளவு தூக்குகிறது என்று அளந்தார். நாலாவதில் நின்றார். மறுபடி அளந்தார். பிறகு முன்பக்கத்தைப் பிரிக்க ஆரம்பித்தார். சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் கேம் வெளியே வந்தது. நாலாவது முட்டின் மூக்கில் மேல்தோல் பொரிந்திருந்தது. விரல் நுனியால் தடவினார். மினுமினுப்பாகப் பொடி ஒட்டியது. புதுச் சரக்கு இல்லை. எங்கோ ஓடித் தேய்ந்ததை மேலே உலோகம் பற்றவைத்து, மெருகேற்றி, புதுசென்று விற்றிருக்கிறார்கள்.

"மலைல பாதி ஏறியிருப்பான்," என்றார் அவர். "இது முழுசா உரிஞ்சிருக்கும். இஞ்சின் இழுவை விட்டிருக்கும்." டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவள் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பாயின் கேமை மறுபடி ஏற்றி முடிக்க அடுத்த நாள் மத்தியானம் ஆயிற்று. இஞ்சினைக் கிளப்பிவிட்டு அவர் அவளைப் பார்த்தார். கூப்பிடவில்லை; பார்த்தார். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்ட சத்தம் எந்த இடத்தில் பிறக்கிறது என்று முதல்தடவை கண்ணால் பார்த்தாள். எட்டு வால்வும் மாறி மாறித் தலையாட்டிக்கொண்டிருந்தன. அவர் ஒவ்வொன்றாகத் திருகாணியைத் திருப்பிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் என்றோ போதும் என்றோ கையைக் காட்டுவாள். எண்ணெய் தெறித்து அவள் சேலையெல்லாம் புள்ளியாயிற்று. கடைசி வால்வுக்கு அவள் போதும் என்று கையைக் காட்டியபோது அவர் தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். எண்ணெய்யைத்தான் துடைத்தார் என்று அவள் வைத்துக்கொண்டாள்.

சென்னகிருஷ்ணன் வந்து கேட்டுப் பார்த்தான். முகம் வாடிப்போயிற்று.

"என்னங்கண்ணா, பாயோட கேமையே போட்டுட்டீங்க?"

கவுண்டர் பம்பாய்க் கேமை எடுத்து, நாலாவது முட்டில் தோல் பொரிந்த இடத்தைக் காட்டினார். அவன் கையில் வாங்கிப் பார்த்து அதிர்ந்துபோனான். அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை.

"தம்பி, இத நான் கண்டுபுடிக்கலீங்க. இந்தப் புள்ளதான் கண்டுபுடிச்சுது. எனக்குக் காது கேக்கறதில்லீங்க. ரொம்ப நாளாச்சு. இது நல்லாயிருந்திருந்தாலும் மலைக்கு ஆனதில்ல. எங்கைக்கு நல்லா அதிருதுன்னு உங்களுக்கு மாட்டிவுடப் பாத்துட்டேன். தப்புங்க."

சென்னகிருஷ்ணன் பழனாத்தாளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "அதனால என்னுங்கண்ணா," என்றான். மரியாதையான பையன். "நீங்க செஞ்சாச் செரியா இருக்குமுங்க."

வால்பாறை ராலியில் அவன் அவனுடைய பிரிவில் ரெண்டாவதாக வந்தான். வண்டி ஒரு வளைவிலும் திக்கவில்லை என்று பாய் வந்து சொன்னார். சென்னகிருஷ்ணனும் ஒரு டப்பா மைசூர்பாகோடு வந்து, பழனாத்தாளையும் கும்பிட்டுவிட்டுப் போனான். அடுத்த இஞ்சினை அவன் கொண்டுவரவில்லை. "அண்ணனத் தொந்தரவு பண்ண வேண்டாமுன்னுங்க, அவருக்கும் ரெஸ்ட்டு வேணுமில்லீங்க" என்று யாரிடமோ சொன்னதாகப் பேச்சு வந்தது. மற்றவர்களும் அப்படித்தான் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்கள். ரோட்டில் பார்த்தால் வண்டியை நிறுத்தி இறங்கி, கையைக் கூப்பி, சாப்பிட்டாச்சுங்களா என்று கேட்டார்கள். முன்பு தலைக்கனம் என்று சொன்னவர்கள் இப்போது அவர் காதருகே குனிந்து கத்தினார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பம்பு இஞ்சின்களும், டெம்போ இஞ்சின் ஒன்றிரண்டும்தான் வந்தன. நசுருதீன் பாய் மட்டும் முன்போலவே வந்து கட்டிலில் உட்கார்ந்து, மெதுவாக, முகத்துக்கு நேராகப் பேசினார். பாய்க்கு முன்பே தெரியுமோ என்று பழனாத்தாள் நினைத்தாள். கேட்கவில்லை.

கோகிலா வந்து வற்புறுத்தித்தான் அவரைக் காந்திபுரத்தில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டர் அவர் காதில் என்னென்னவோ சத்தம் வைத்துப் பார்த்துவிட்டு, கனத்த சத்தமெல்லாம் ஓரளவுக்குக் கேட்கிறது, கீச்சுச் சத்தம்தான் போய்விட்டது என்றார். இஞ்சின் இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு அப்படித்தான் போகுமாம். "பொம்பளைங்க கொரலு, கொழந்தைங்க கொரலு, இதெல்லாம் மொதல்ல போயிருமுங்க," என்றார். பழனாத்தாள் ஜன்னல் வழியாக டவுன் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டைப்பையில் வைக்கிற சின்னப் பெட்டி ஒன்று கொடுத்தார்கள். அதிலிருந்து ஒரு ஒயர் காதுக்குப் போகும். பெட்டியில் ஒரு திருகு, கூட்டலாம், குறைக்கலாம். கொட்டகையில் போட்டுக்கொண்டு ஒரு சுத்தியலை எடுத்தார். ஒரே தட்டில் வலி தாங்காமல் பிடுங்கிப்போட்டார். அதற்குப் பிறகு கொட்டகைக்கு அதைக் கொண்டுபோகவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள். கோகிலா ஊருக்குப் போய்விட்டாள். இருட்டுகிற நேரம். பழனாத்தாள் அரிசியும் பருப்பும் சோறாக்கி, நெய் விட்டு, தட்டு வைத்தாள். கவுண்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, மாடக்குழியிலிருந்து பெட்டியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். ஒயரைக் காதில் செருகினார். அவளுக்கு எதிரே, பள்ளிக்கூடத்தில் உட்கார்கிற பையன் மாதிரி நேராக உட்கார்ந்தார்.

"பேசு," என்றார்.

அவள் சோற்றைப் போட்டாள். தன்னுடைய தட்டிலும் போட்டுக்கொண்டாள். என்ன பேச? சொல்வதற்கு மலைமலையாக இருந்ததே என்று தேடிப் பார்த்தாள். அதெல்லாம் கேட்டும் கேட்காத மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஒரு மனுசனுக்குச் சொல்ல வைத்திருந்தது. வருசக்கணக்காக மனசுக்குள் அவனிடம் சண்டை போட்டிருக்கிறாள், அழுதிருக்கிறாள், சில நாள் பிசிறு வெட்டிக்கொண்டே அவனோடு சிரித்துக்கூட இருக்கிறாள். அப்படி ஒரு ஆள் இந்த வீட்டில் இருந்ததே இல்லை. எதிரே ஒயரோடு உட்கார்ந்திருக்கிற இந்த ஆளை அவளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

"பால்காரரு ஊட்டு நாயி குட்டி போட்டிருக்குதுங்க," என்றாள்.

"அப்பிடியா. எத்தன?"

"நாலுங்க."

"கண்ணு முழிச்சிருச்சா?"

"இன்னும் இல்லீங்க."

அவர் தலையாட்டினார். நாலு குட்டியைப் பற்றி அதற்குமேல் சொல்ல அவளிடமும் ஒன்றும் இல்லை, கேட்க அவரிடமும் இல்லை. ரெண்டு பேரும் சாப்பிட்டார்கள். சிறிது நேரம் பொறுத்துப் பார்த்த கவுண்டர் இடது கையைச் சட்டைப்பையில் விட்டுத் திருகைக் கூட்டினார். பெட்டியை வெளியே எடுத்து விரலால் தட்டினார். காதில் ஒயரை அழுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"கேக்க மாட்டீங்குது," என்றார். "நின்னு போச்சாட்ட இருக்குது."

"இல்லீங்க," என்றாள் பழனாத்தாள். "நான்தானுங்க பேசல."

"செரி," என்று சொல்லிப் பெட்டியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, அவர் சோற்றைப் பிசைந்தார்.